கல்லூரி ஃபுட்பால் ரெக்ரூட்டிங் சேவை: 2,400 டாலருக்கு என்ன கிடைக்கிறது?

பள்ளியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் பிள்ளைகளைக் கல்லூரிக் கோச்சுகளின் கண்ணில் படவைப்பதாகச் சொல்லும் சேவைகள் இங்கே அமெரிக்காவில் நிறைய. அதில் ஒன்றுக்கு என் மகனுக்காக 2,400 டாலர் கட்டினோம். டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். மகன் பள்ளி அணியில் கிக்கர், அதாவது பந்தைக் காலால் உதைப்பவன், இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. சாக்கர் (நம்மூர்க் கால்பந்து) ஆடிக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் சிலர் இப்படிக் கிக்கராக மாறி வருகிறார்கள். அடுத்துப் பணம் கட்ட யோசிக்கும் அப்பா அம்மாக்களுக்காக எழுதுகிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். ஐந்துக்கு இரண்டு ஸ்டார் தருவேன், அந்த இரண்டும் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்மணிக்காக.

முதல் ஜூம் பேச்சிலேயே விற்பனைக்காரர் மகனின் ஆட்டத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. பணத்தைப் பற்றித்தான் பேசினார். 2021 ஜூலை 1 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மீது ஆட்டக்காரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி ஏற்றுக்கொண்ட பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 20.5 மில்லியன் டாலர். இவை எல்லாம் உண்மைதான். இதே டாலஸில், எஸ்.எம்.யூ. பல்கலைக்கழக ஆட்டக்காரர்களுக்குப் பணக்கார ஆதரவாளர்கள் ரகசியமாகக் காசு கொடுத்தார்கள் என்று அந்த அணியின் 1987 சீசனையே என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. அன்று ஒளித்துக் கொடுத்த பணம் இன்று வெளிச்சத்தில் நடமாடுகிறது. உடம்பைக் கொடுத்து ஆடுகிற பையனுக்கு டிவி வருமானத்தில் பங்கு வரவேண்டும் என்பதில் எனக்கு வேறு கருத்தே கிடையாது. ஆனால் அந்தப் பணத்தைக் காட்டி, பதினாறு வயதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது, அவன் வீட்டாரிடம் கிரெடிட் கார்டு எண் கேட்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் சொல்லாமல் விட்டவை முக்கியம். அமெரிக்காவில் பத்து லட்சம் பிள்ளைகள் பள்ளியில் ஃபுட்பால் ஆடுகிறார்கள். நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் ஏதோ ஒரு என்.சி.ஏ.ஏ. கல்லூரி அணிக்குப் போகிறார்கள். அதில் மேல்மட்டமான டிவிஷன் ஒன்று என்று பார்த்தால் மூன்று பேர்கூட இல்லை. அப்புறம் அதே 2025 சமரசம் இன்னொன்றும் செய்தது. அதில் சேர்ந்த கல்லூரிகள் ஃபுட்பால் அணியில் 105 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. முன்பு 85 பேருக்கு ஸ்காலர்ஷிப், அதற்கு மேல் சொந்தச் செலவில் படித்துக்கொண்டே அணியில் ஆடும் வாக்-ஆன் பிள்ளைகள் என்று பெரிய கூட்டமாக வைத்திருப்பார்கள். கிக்கர்களில் பலர் அந்த வாக்-ஆன் வழியில் நுழைந்தவர்கள்தான். இப்போது அந்த வாசல் குறுகிவிட்டது. போதாததற்கு, கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக, வேறு கல்லூரியில் மூன்று வருடம் ஆடிப் பழகிய கிக்கரே கிடைக்கும்போது பள்ளிப் பையனை எடுக்கக் கோச்சுக்கு என்ன அவசரம்? கிக்கர் வீட்டாரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது. இதை மகனின் பள்ளிக் கோச்தான் சொன்னார், காசு வாங்காமல்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது விசா. நாங்கள் எச்-1பி வேலை விசா, மகன் அதைச் சார்ந்த எச்-4 குடும்ப விசா. எச்-4-இல் இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. விளம்பர ஒப்பந்தம், கல்லூரி தரும் பங்கு இரண்டுமே வேலை வருமானமாகக் கருதப்படும் ஆபத்து உண்டு. கல்லூரி போகும்போது எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினாலும் சிக்கல் தீராது. வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்தப் பணத்தைக் கொடுக்கப் பல கல்லூரிகள் தயங்குகின்றன. விற்பனைக்காரரிடம் இதை நேராகவே கேட்டேன். "அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றார். எதைப் பார்ப்பது? பையனின் விசா ஸ்டேட்டஸ் போனால் அவன் இந்த நாட்டில் இருக்கவே முடியாமல் போகலாம். அந்தப் பதிலுக்கு அப்புறம் இந்தச் சேவையில் அவனுடைய வீடியோவுக்கும் கோச் தொடர்புக்கும் மட்டும்தான் காசு கொடுக்கிறோம் என்று என் கணவரும் நானும் பேசி முடிவு செய்துகொண்டோம். மகனிடமும் சொன்னோம். "பணத்துக்காக நான் ஆடலையேம்மா" என்றான்.

சரி, அந்த வீடியோவும் கோச் தொடர்பும் எப்படி இருந்தன? வீடியோ பார்க்க அழகு. இசை, ஸ்லோ மோஷன், பெயர் பறந்து வரும் கிராபிக்ஸ். ஒரு கல்லூரியில் கிக்கர்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்பெஷல் டீம்ஸ் கோச் அதைப் பார்த்துவிட்டு, ஒரே நாளில் தொடர்ச்சியாக அடித்த கிக்குகளை வெட்டாமல் ஒட்டாமல் அனுப்பச் சொன்னார். தவறவிட்டதும் அதில் இருக்க வேண்டும் என்றார். கிக்-ஆஃப் எத்தனை யார்டு போகிறது, பந்து எத்தனை வினாடி காற்றில் நிற்கிறது என்பதைத்தான் அவர் பார்க்கிறார். மைதானத்தில் என் போனை ஸ்டாண்டில் வைத்து எடுத்து, ஆட்டக்காரர்கள் வீடியோ போடும் ஹடுல் தளத்தில், தன் பக்கத்தில் மகனே ஏற்றினான்.

கோச் தொடர்பு இன்னும் மோசம். நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்கு ஒரே மின்னஞ்சல் போகிறது, கோச்சின் பெயரை மட்டும் மாற்றி. டாஷ்போர்டில் "இத்தனை கல்லூரிகள் உங்கள் மகனைப் பார்த்தன" என்று எண் ஏறிக்கொண்டே போகும். பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்துத் தூங்காமல் கிடந்தான். வந்த பதில்களில் பெரும்பாலானவை கோடை கேம்ப் அழைப்புகள், கேம்ப்புக்குத் தனிக் கட்டணம். கேம்ப் விளம்பரத்தையும் கேள்விப் படிவத்தையும் எந்த வயதுப் பிள்ளைக்கும் கல்லூரி அனுப்பலாம், விதியில் தடையில்லை. ஆகவே அப்படி ஒரு கடிதம் வந்தால் கல்லூரி உங்கள் பிள்ளையைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இதை அந்தக் கம்பெனி தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அவர்களோ ஒவ்வொரு அழைப்பையும் "ஆர்வம்" என்று பச்சை நிறத்தில் காட்டினார்கள்.

இனி அந்த இரண்டு ஸ்டார். படிப்பு ஆலோசனைக்கு ஒரு பெண்மணியை ஒதுக்கியிருந்தார்கள். அவர் மகனின் மார்க் பட்டியலை வரி வரியாகப் படித்தார். டிவிஷன் ஒன்றில் ஆட, என்.சி.ஏ.ஏ. ஏற்கும் 16 கோர் பாடங்கள் வேண்டும், அவற்றில் 2.3 ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மார்க்) வேண்டும். அந்த 16-இல் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடிக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியலாக இருக்க வேண்டும். மகன் எடுத்திருந்த ஒரு கம்ப்யூட்டர் பாடம் அந்தப் பட்டியலில் சேராது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். இந்த விதிகள் எல்லாம் என்.சி.ஏ.ஏ. எலிஜிபிலிட்டி சென்டர் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. ஆனாலும் ஒருவர் உட்கார்ந்து நம் பிள்ளையின் பட்டியலோடு பொருத்திப் பார்ப்பதற்கு மதிப்பு உண்டு. நேர்மையாகவும் பேசினார். "இவன் மார்க்குக்கு மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளுக்கு நீங்களே எழுதுங்கள், அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, படிப்புக்கு உதவித்தொகை தருவார்கள்" என்றார். அவர் சொன்னபடி மகன் தானே எழுதிய மின்னஞ்சல்களில் ஒன்றுக்குத்தான் ஒரு கோச் போனில் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார்.

இன்னொன்று. ஜேடன் ரஷாடா என்ற குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் சேர 13.85 மில்லியன் டாலர் பேசப்பட்டது. அந்தப் பணம் வராமல் போய், 2024-இல் அந்த அணியின் தலைமைக் கோச் மீதே வழக்குப் போட்டார். நாடறிந்த ஆட்டக்காரருக்கே இந்தக் கதி. விற்பனைக்காரர் எது சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள். எங்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், வருடம் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக் கார்டில் பணம் எடுக்கும் வரி ஒன்று இருந்தது. முப்பது நாளுக்கு முன்பே மின்னஞ்சலில் ரத்து செய்ய வேண்டும், போனில் சொன்னால் செல்லாது. நாங்கள் முன்கூட்டியே ரத்து செய்தோம். படிப்பு ஆலோசனையை மட்டும் தனியாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன், அப்படி ஒரு பேக்கேஜ் இல்லை என்றார்கள். இருந்தால் அதற்கு மட்டும் கட்டியிருப்பேன்.