குர்குமினைச் சுமக்க எந்த ஜெல்?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாங்கிய மஞ்சள்தூளை ஒரு தம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தூள் அடியில் படிந்துவிடும். மஞ்சளுக்கு அதன் நிறத்தைத் தரும் குர்குமின் என்ற பொருள் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் தினமும் இதோடுதான் மல்லுக்கட்டு. குர்குமினை மருந்தாகச் சுமந்துபோய் உடலில் வேண்டிய இடத்தில் விட இரண்டு ஜெல்களைப் பார்க்கிறோம்.

ஆல்ஜினேட், பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. கால்சியம் கரைசலில் சொட்டுச்சொட்டாக விட்டால் மணிமணியாக உறையும். வயிற்று அமிலத்தில் சுருங்கி இறுகும். அமிலம் தணிந்து பிஎச் 7-ஐ (நடுநிலையை) நெருங்கும் சிறுகுடலில் உப்பித் தளர்ந்து உள்ளிருப்பதை விடும். ஆனால் இது நீர்விரும்பி வலை. குர்குமினை முதலில் எண்ணெய்த் துளிகளிலோ சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறிலோ பொதிந்தாக வேண்டும்.

இரண்டாவது, பொலாக்சமர் 407 என்ற செயற்கைப் பாலிமர். இது வெப்பம் பட்டால் உறையும். அதன் 20 சதவீதக் கரைசல் ஃபிரிட்ஜில் தண்ணீர் மாதிரி ஓடும். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டால் கண்ணெதிரே கெட்டியாகும். அதன் மூலக்கூறுகள் கூடி உருவாகும் நுண்ணுருண்டைகளின் (மைசெல்களின்) உட்பகுதி நீரை ஒதுக்குவது. குர்குமின் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், தனிப் பொதி வேண்டாம். நம் ஊர் வெக்கையில் பாட்டிலிலேயே உறைந்துவிடும் என்பதால் ஐஸ் பெட்டி இல்லாமல் மாடி மாறக்கூட முடிவதில்லை. பெரிய குறை வேறு: ஈரத்தில் சீக்கிரம் கரைந்துவிடும்.

விழுங்கும் மருந்துக்கு ஆல்ஜினேட்தான், சந்தேகமே இல்லை. ஆனால் என் அத்தையின் காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணைப் பார்த்தவள் நான். மனம் பொலாக்சமர் பக்கமே போகிறது. குளிர்ச்சியாக ஊற்றினால் புண்ணின் இடுக்கெல்லாம் பரவி, அங்கேயே உறையும். அது கரையும் வேகத்தைக் குறைக்க, இப்போது இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானைக் கலந்து பார்க்கிறேன்.