பழுதான கிராபிக்ஸ் கார்டு: சரிபார்ப்பதா, பழையது வாங்குவதா?

திரையில் வண்ணக் கோடுகள், கேம் நடுவே கருந்திரை, கையில் காசும் குறைவு. கணினியில் படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை, சிங்கப்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் சரிபார்க்கக் கொடுப்பதா, பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் பழைய கார்டு வாங்குவதா என்று பலர் தவிக்கிறார்கள்.

எதற்கும் முன் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) மறுபடி நிறுவிப் பாருங்கள். தூசியைத் துடைத்து, விசிறி சுற்றுகிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் வெக்கையில் சில வருடம் ஓடிய கார்டில், சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். சூட்டால் மட்டும் அணைகிற கார்டு என்றால், அதை வழித்துப் புதிதாகத் தடவினாலே பெரும்பாலும் தேறிவிடும்.

செலவு
சரிபார்ப்பு: விசிறி, பேஸ்ட் என்றால் கொஞ்சம்தான். சிப்போ மெமரியோ போயிருந்தால் கூலியே பழைய கார்டு விலையைத் தொடலாம்.
பழையது: பவர் சப்ளையையும் கணக்கில் சேருங்கள். ஜிடிஎக்ஸ் 1650 கார்டுக்கு 75 வாட் போதும்; ஆர்எக்ஸ் 580 கார்டு சுமார் 185 வாட் கேட்கும்.

ஆயுள்
சரிபார்ப்பு: சிப்பைச் சூடாக்கி உயிர் கொடுப்பது நிலைக்காது. கார்டை ஓவன் அடுப்பில் வைக்கச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.
பழையது: விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பாதுகாப்பு
2012 முதல் இங்கு நடப்பிலுள்ள லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்பு தருவது), கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் உண்டு. தனிநபரிடம் வாங்கினால் கிடையாது. இதற்காகவே சில வெள்ளி கூடினாலும் நான் கடையைத்தான் சொல்வேன்.

சூடு, சத்தம் மட்டும்தான் தொல்லை என்றால் சரிபாருங்கள். கணினியைப் போட்டதும் விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் திரையிலேயே கோடு விழுந்தால், கேபிளையும் மானிட்டரையும் மாற்றிப் பாருங்கள்; அப்போதும் போகாவிட்டால் பழையதற்குப் போங்கள். பள்ளி வேலைக்கு மட்டும் என்றால், பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் அதுவே போதும். கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகுங்கள்.