தேயிலைக் கவாத்துக்குத் தப்பும் வாசப்பூச் செடி எது?

குன்னூரில் எங்கள் தெருவில் யார் வீட்டுச் செடியை வெட்ட வேண்டுமென்றாலும் ஒரே அண்ணன்தான் வருவார். தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கவாத்துக் கத்தி பிடித்த கை. அவர் கத்தி பட்டால் எந்தச் செடியும் இடுப்பளவில் மேசைபோல மட்டமாகிவிடும். தேயிலைக்கு அது சரி. அங்கே வேண்டியது கொழுந்து, பூத்தால்தான் நஷ்டம். ஒரு பிப்ரவரியில் என் கார்டீனியாவுக்கும் அதே மட்டம் பிடித்துவிட்டார். அந்த ஆண்டு ஒரு பூ இல்லை. “இலை நன்றாகத்தானே வந்திருக்கிறது அம்மா?” என்று கேட்டார். நன்றாகத்தான் வந்திருந்தது.

அதிலிருந்து, வாசனைக்கு எந்தச் செடி வைக்கலாம் என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டில் கவாத்து செய்வது யார், எந்த மாதத்தில் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். நம் மலையில் பலரும் வைக்க நினைப்பது மூன்று: எட்வர்ட் ரோஜா, கார்டீனியா, நேற்று-இன்று-நாளை. மூன்றும் மணக்கும். வெட்டைத் தாங்குவதில்தான் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

முதலில் கார்டீனியா, ஏனென்றால் எனக்குப் பிடித்தது அதுதான். வெண்ணெய் நிறத்தில் ஒரு பூவைக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் கூடம் முழுக்க மணக்கும். சமவெளியில் உப்புத் தண்ணீரிலும் சுண்ணாம்பு மண்ணிலும் இலை வெளுத்து அழுகிற செடி இது. அங்கே இரும்புச்சத்து கொடுத்தே மாள வேண்டும். தேயிலை விளைகிற நம் புளிப்பு மண்ணில் அந்தக் கவலை இல்லை. ஆனால் பூமொட்டு, போன பருவத்தில் வளர்ந்து முற்றிய கிளையின் நுனியில்தான் பிடிக்கிறது. வெட்டுவதென்றால் கடைசிப் பூ வாடிய இரண்டு மூன்று வாரத்துக்குள் வெட்டிவிட வேண்டும். பிறகு எப்போது கத்தி வைத்தாலும் அடுத்த கோடையின் பூவைத்தான் சீவுகிறோம். வெட்டாமல் விட்டாலும் சிணுங்கல் தீராது: திடீர்க் குளிர், வேர் காய்தல், வேரில் நீர் தேங்குதல், எதற்கும் மொட்டை உதிர்த்துவிடும். ஊட்டியில் குதிரைப் பந்தய மைதானத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இருக்கும் என் அக்கா இரண்டு முறை வைத்துப் பார்த்தார். இரண்டு முறையும் ஜனவரி உறைபனியில் இலையெல்லாம் வெந்த கீரைபோலக் கறுத்துவிட்டது. குன்னூருக்கும் ஊட்டிக்கும் உயரத்தில் ஏறக்குறைய 400 மீட்டர்தான் வித்தியாசம். கார்டீனியாவுக்கு அது வேறு நாடு.

எட்வர்ட் ரோஜாவிடம் இந்த நளினம் எதுவும் கிடையாது. மாலை கட்டுகிறவர்கள் கேட்டு வாங்கும் அதே இளஞ்சிவப்புப் பூ. பார்வைக்குக் கொஞ்சம் கலைந்த தலை, வாசனையில் குறை சொல்ல முடியாது. ஊட்டி அரசு ரோஜாப் பூங்கா 1995இல் தொடங்கியது. அங்கே வரிசை வரிசையாக நிற்கும் கலப்பின ரோஜாக்களில் எத்தனைக்கு மணம் இருக்கிறது என்று ஒரு நாள் குனிந்து குனிந்து முகர்ந்து பாருங்கள், நான் சொல்வது புரியும். எட்வர்ட் புதுத் தளிரில் பூக்கிற இனம். அதனால் எவ்வளவு வெட்டினாலும் அதற்குப் பழிவாங்கத் தெரியாது, பூவாகத்தான் பதில் சொல்லும். அண்ணனின் மேசைக் கவாத்தைக்கூட இது தாங்கியது.

இன்னொரு சௌகரியம், இது குச்சியை நட்டாலே வேர் பிடிக்கும். ஒட்டு ரோஜா என்பது காட்டு ரோஜாவின் வேரில் வேறு ரகத்தை ஒட்டியது. அதில் பனியோ கத்தியோ ஒட்டுக்குக் கீழே வரை கொன்றுவிட்டால், அடியிலிருந்து கிளம்புவது காட்டு ரோஜா. இரண்டு ஆண்டு கழித்துத்தான் ஏமாந்தது தெரியும். சொந்த வேரில் நிற்கும் எட்வர்ட், தரைமட்டத்திலிருந்து முளைத்தாலும் எட்வர்ட்தான்.

வெட்டும் நேரத்தில் மட்டும் ஒரு கட்டுப்பாடு. டிசம்பரில் வெட்டினால் துளிர்க்கும் தளிரை உறைபனி சுட்டுவிடும். அக்கா தை மாதம் போகும்வரை காத்திருந்து வெட்டுகிறார். மலைக்குளிரில் தளிர் மெதுவாக வந்தாலும் ஏப்ரல், மே பூவுக்கு அது போதும். காய்ந்த கிளை, உள்நோக்கி வளர்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை முதலில் எடுத்துவிட்டு, மீதியை வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்ட வேண்டும். தடித்த வெட்டுக்குப் போர்டோ பசை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்புப் பசை, தடவ வேண்டும். நடுவைத் திறந்துவைப்பது அழகுக்காக அல்ல. மேகம் இறங்கி நாள்கணக்கில் ஈரம் காயாத நம் ஊரில், காற்று புகாத ரோஜாவில் கரும்புள்ளி நோய் இலையை மொட்டையடித்துவிடும். ரோஜாவின் உண்மையான குறை இதுதான்: மழை மாதங்களில் இது பார்க்கச் சகிக்காது.

நேற்று-இன்று-நாளை பிரேசில் பக்கத்துச் செடி. ஊதாவாக விரிந்து, மறுநாள் வெளிறி, அதற்கடுத்த நாள் வெள்ளையாகும் பூ. ஒரே செடியில் மூன்று நிறமும் நிற்கும். மாலையில் மணம் கூடும். புளிப்பு மண்ணும் அரை நிழலும் போதும். வளர்ச்சி நிதானமானது, ஆகவே கத்திக்கு வேலையே குறைவு: பூ ஓய்ந்ததும் நீட்டிய கிளைகளைக் கொஞ்சம் கிள்ளிவிட்டால் சரி. அதோடு காய் பிடிப்பதும் குறையும், அது முக்கியம். இதன் விதை நாய்களுக்குக் கடும் விஷம். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: நர்சரியில் கண்ணைப் பறிக்கும் பெரிய பூ ரகத்துக்குப் பெரும்பாலும் மணம் சொற்பம். பூக்கும் பருவத்தில், பொழுது சாயும்போது போய் முகர்ந்து வாங்குங்கள்.

தலைகீழாகத் தொங்கும் பெரிய எக்காளப் பூச்செடியை ஓடைக்கரைகளில் பார்த்திருப்பீர்கள். இரவில் அற்புதமாக மணக்கும், ஆனால் வேர் முதல் விதை வரை நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். இல்லாதவர்களுக்கு ஒரு குறிப்பு: தண்டு கவையாகப் பிரிந்த இடத்துக்கு மேலேதான் இது பூக்கும், கவைக்குக் கீழே வெட்டினால் மறுபடி கவை விடும்வரை காத்திருக்க வேண்டும். இரவு ராணியை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையைப் பரப்பும். அதே குடும்பத்து ஆரஞ்சுப் பூ செஸ்ட்ரம் நீலகிரிச் சோலைகளுக்குள் புகுந்து செய்கிற அட்டூழியம் போதாதா?

ஊட்டிப் பள்ளத்தில் இருப்பவர் யோசிக்காமல் எட்வர்ட் வைக்கலாம். குன்னூர், கோத்தகிரியில் வெயில் குறைந்த முற்றம், நாய் இல்லாத வீடு என்றால் நேற்று-இன்று-நாளை. கார்டீனியா, கத்தரியைத் தானே பிடிப்பவருக்கு மட்டும். காட்டுமாடு இரவில் வந்து வேலியோடு மிதித்துப்போவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்கு எல்லாச் செடியும் ஒன்றுதான்.

என் கார்டீனியாவில் இப்போது ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். அண்ணன் வந்தால் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நேராக ரோஜாவிடம் போய்விடுகிறார்.