1,340 மணி நேரம்: ஃபாக்டோரியோ என்னைப் பிடித்துவைத்த கதை

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் என் கணக்கைத் திறந்தால், ஃபாக்டோரியோ என்ற விளையாட்டுக்கு நேராக 1,340 மணி நேரம் என்று காட்டுகிறது. எட்டு மணி நேர ஷிஃப்டாக வகுத்தால் 167 ஷிஃப்ட். ஏறக்குறைய அரை வருட உழைப்பு. 2021 ஊரடங்கில் வாங்கிய விளையாட்டு இது. "வாங்கினால் தூக்கம் போய்விடும்" என்று இதைப் பற்றி எல்லோரும் பாராட்டாகச் சொல்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே தூக்கம் போனது. அது எப்படிப் போனது, எப்படித் திரும்பி வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இது முழு அனுபவமாகும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: செக் நாட்டின் பிராக் நகரத்தில் இருக்கும் வூப் சாஃப்ட்வேர் செய்தது. 2016 பிப்ரவரியில் ஸ்டீமில் முழுமையடையாத பதிப்பாக வந்து, 2020 ஆகஸ்ட் 14-இல் 1.0 ஆனது. விண்கலம் விழுந்து நொறுங்க, ஆளில்லாத கிரகத்தில் தனியாக நிற்கிறீர்கள். கையால் தாது வெட்டி, உலை வைத்து, இரும்பு உருக்கி, மெஷின் செய்து, பொருளைக் கொண்டுபோகும் பெல்ட் போட்டு, கடைசியில் ஒரு ராக்கெட் விட வேண்டும். என் முதல் ராக்கெட்டுக்கு 61 மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் உண்மையில் மாட்டிக்கொண்டேன்.

விளையாட்டில் பல பொருளுக்கும் தேவைப்படும் பச்சை சர்க்யூட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு சர்க்யூட்டுக்கு ஒரு இரும்புத் தகடும் மூன்று செப்புக் கம்பியும் வேண்டும். ஒரு செப்புத் தகட்டில் இரண்டு கம்பி வரும். கணக்குப் போட்டால், சர்க்யூட் செய்யும் இரண்டு மெஷினுக்குக் கம்பி இழுக்கும் மூன்று மெஷின். சரியாக வைத்தாயிற்று, படுக்கலாம் என்று பார்த்தால் செப்புத் தகடு போதவில்லை. உலையைக் கூட்டினால் தாது போதவில்லை. சுரங்க மெஷினைக் கூட்டினால் கரண்ட் போதவில்லை. கரண்டுக்கு பாய்லர் வைக்கப் போனால் ரயில் தண்டவாளம் குறுக்கே கிடக்கிறது. அதை நகர்த்தி முடிக்கும்போது மணி இரண்டு. ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலைதான். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று வீட்டில் நான் சொன்ன எந்தத் தடவையும் பொய் சொல்லவில்லை. அந்த ஐந்து நிமிடம் முடிகிற இடத்தில் அடுத்த ஐந்து நிமிடம் காத்துக்கொண்டிருந்தது.

நான் கோவையில் பம்பு மோட்டார் செய்யும் ஒரு ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். பகலெல்லாம் லைன் ஓட்டிவிட்டு வந்து ராத்திரியும் லைன் ஓட்டுவானேன் என்று நண்பர்கள் கேட்டதுண்டு. எங்கே வேலை தேங்குகிறது என்று ஆலையில் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சரிசெய்ய மெஷின் வேண்டும், ஆள் வேண்டும், மேலே ஒப்புதல் வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். விளையாட்டில் ஒரு பெல்ட்டைத் திருப்பினால் அந்த நிமிடமே தகடு ஓட ஆரம்பிக்கிறது. மஞ்சள் பெல்ட்டில் நொடிக்கு 15 தகடு, இடைவெளியே இல்லாமல் நிரம்பி ஓடுவதைப் பார்க்கும்போது வருகிற நிம்மதி இருக்கிறதே, அதை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை. கண்ணை மூடினாலும் பெல்ட் ஓடும். டெட்ரிஸ் ஆடியவர்களுக்குக் கட்டைகள் விழுவதுபோலத் தெரியும் என்பார்களே, அதே விளைவுதான். எனக்குக் கனவில்கூட இரும்பும் செம்பும் இரண்டு தடத்தில் ஓடின.

ஒரு இரவை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். விளையாட்டில் என் மின் நிலையம் திடீரென்று விழுந்துவிட்டது. முதலில் காரணம் புரியவில்லை. பாய்லருக்கு நிலக்கரி எடுத்துப் போடுகிற இயந்திரக் கைகள் கரண்டில் ஓடுபவை. கரண்ட் கொஞ்சம் குறைந்தது, கை மெதுவானது. கை மெதுவானதால் நிலக்கரி குறைந்தது. நிலக்கரி குறைந்ததால் கரண்ட் இன்னும் குறைந்தது. சுரங்கமும் கரண்டில்தான் ஓடுகிறது, அதுவும் சோர்ந்தது. இப்படிச் சுற்றிச் சுற்றி இறங்கி மொத்த ஆலையும் இருட்டில் நின்றது. கையால் நிலக்கரியைச் சுமந்து பாய்லர்களை ஒவ்வொன்றாக உயிர்ப்பித்து, அந்தக் கைகளை எல்லாம் கழற்றி, நிலக்கரியிலேயே ஓடும் பழைய மாதிரிக் கைகளை மாட்டினேன். தான் சுமக்கிற நிலக்கரியிலேயே தனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிற கை அது; கரண்டே இல்லாவிட்டாலும் நிற்காது. அதைக் கண்டுபிடித்தபோது துள்ளிக் குதித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானே யோசித்துப் பிடித்தது. அந்த மாதிரி சந்தோஷம் இந்த விளையாட்டில் நிறைய இருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே விடிந்திருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அம்மா கதவைத் தள்ளிப் பார்த்து, "ஏன் கண்ணு, இன்னும் தூங்கலையா?" என்று கேட்டுவிட்டு என் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அன்று ஞாயிறு. காலை ஏழு மணிக்கு மகளை மருதமலைக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தேன். பதினொரு மணிக்கு எழுந்து வந்தபோது அவள் பட்டுப்பாவாடையை மாற்றிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். "பரவாயில்லப்பா" என்றாள். மனைவி எதுவும் சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்க அவர் "என்னங்க, சாப்பாடு ஆறுது" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒரு கட்டத்தில் கூப்பிடுவதையே நிறுத்தியிருந்தார். அதுகூட எனக்கு அன்றுதான் உறைத்தது.

உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனத்தைச் சேர்த்திருக்கிறது. 2019-இல் ஏற்கப்பட்ட அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் சொல்லப்படும் அடையாளங்கள் மூன்று: கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டு முக்கியமாகிப் போவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது. பொதுவாக ஒரு வருடமாவது இது நீடித்திருக்க வேண்டும். என்னை வைத்து நேர்மையாக எண்ணிப் பார்த்தேன். வேலைக்கு ஒருநாள்கூடத் தவறவில்லை. ஆனால் முதலாவதும் மூன்றாவதும் எனக்குப் பொருந்தின. நான் மருத்துவரிடம் போகவில்லை. போகவேண்டிய நிலையில் இருப்பவர்கள் தயங்காமல் போக வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை இந்த விளையாட்டின் பக்கமிருந்தும் சொல்ல வேண்டும். செல்போன் விளையாட்டுகள் ஆளை இழுக்கப் பயன்படுத்தும் எந்தத் தந்திரமும் இதில் கிடையாது. தினமும் வந்தால் பரிசு, காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி, விளம்பரம், "திரும்பி வா" என்ற அறிவிப்பு எதுவும் இல்லை. தள்ளுபடி விலையில் விற்பதே இல்லை என்பது அவர்கள் கொள்கை. 2023 ஜனவரியில் 30 டாலரை 35 ஆக உயர்த்தினார்கள், அவ்வளவுதான். சேமித்துவிட்டு மூடினால் அந்த உலகம் அப்படியே உறைந்து நிற்கும். ஒரு மாதம் கழித்துத் திறந்தாலும் பெல்ட்டில் அதே தகடு அதே இடத்தில் இருக்கும். எழுந்து போனால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. பிறகு ஏன் எழுந்திருக்க முடியவில்லை?

விடை ஆலையில்தான் கிடைத்தது. எங்களிடம் ஷிஃப்ட் மாறும்போது எழுதும் நோட்டு ஒன்று உண்டு. எந்த மெஷின் நிற்கிறது, எது பாதியில் இருக்கிறது, அடுத்து வருபவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகலாம். எழுதாமல் போன நாளில் வீட்டிலும் அந்த மெஷின் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். விளையாட்டில் என்னைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் பாதி வேலைதான். எங்கே விட்டோம், ஏன் அந்தப் பெல்ட்டைத் திருப்பினோம் என்பது மறந்துவிடுமோ என்ற பயத்தில் முடித்துவிட்டே எழலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முடிவே இல்லாத வேலையை முடித்துவிட்டு எழுவது எப்படி?

மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்தேன். பத்தரைக்கு அலாரம். அடித்ததும் கை எந்த வேலையில் இருந்தாலும் மூன்று வரி எழுதுவேன்: என்ன குறைகிறது, ஏன், அடுத்து என்ன. பிறகு மூடிவிடுவேன். முதல் வாரம் கஷ்டமாக இருந்தது, இரண்டு நாள் தவறினேன். பிறகு பழகிவிட்டது. இப்போது வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் விளையாடுகிறேன். இது எல்லோருக்கும் பலிக்குமா என்றால் உறுதி சொல்ல மாட்டேன். எனக்குப் பலித்தது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: இலவச டெமோ இருக்கிறது, முதலில் அதை விளையாடுங்கள். என் பழைய லேப்டாப்பிலேயே நன்றாக ஓடுகிறது. மவுஸ் மட்டும் கட்டாயம் வேண்டும். ஆலையின் புகைக்கு ஈர்க்கப்பட்டுத் தாக்க வரும் பூச்சிகள் தொந்தரவாகத் தெரிந்தால், உலகத்தை உருவாக்கும்போதே அணைத்துவிடலாம். எண்ணெய் வருகிற கட்டத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மேம்பட்ட சுத்திகரிப்பில் கனரக எண்ணெயும் இலகு எண்ணெயும் பெட்ரோலிய வாயுவும் சேர்ந்தே வரும். ஒன்றின் தொட்டி நிரம்பினாலும் மொத்தமும் நின்றுவிடும். நிரம்பியதை அடுத்ததாக மாற்றும் ஏற்பாட்டைச் செய்தால் தீர்ந்தது. அந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள், அதற்கு அப்பால்தான் ரோபோக்கள் வருகின்றன.

2024 அக்டோபரில் வந்த ஸ்பேஸ் ஏஜ் விரிவாக்கத்தையும் வாங்கினேன். அதில் கிலேபா என்ற கிரகத்தில் விளைவதெல்லாம் அழுகிப்போகும். பெல்ட்டில் பொருள் தேங்கவே கூடாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு வருடமாகக் கற்ற பழக்கத்தை எல்லாம் தலைகீழாகப் போட வேண்டியிருக்கிறது, ரொம்பப் பிடித்திருக்கிறது. நேற்று பத்தரைக்கு எழுதிய வரிகள்: "பழம் தேங்குகிறது. பெல்ட் கடைசியில் எரிக்கும் வழி இல்லை. அடுத்து, வெப்பக் கோபுரம்." கீழே மகள் தன் பென்சிலால் ஒரு கோபுரம் வரைந்து வைத்திருக்கிறாள். சனிக்கிழமை அவளையும் உட்காரவைத்துக்கொண்டு அதைக் கட்டப்போகிறேன்.