புளியரையில் மேகமும் மலையும்: ஜேபெக்கா, ஹெச்டிஆரா, ராவா?

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக்குப் பக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடியில் இருக்கும் புளியரை வயலில் நின்று மேற்கே கேமராவைத் திருப்பினால் சிக்கல் உடனே தெரியும். மேலே வெளுத்த சாரல் மேகம், நடுவில் கருத்த மலை, கீழே ஈரம் மின்னும் நெற்பயிர். மேகத்துக்கு ஒளி அளந்தால் மலை கறுத்துவிடும். மலைக்கு அளந்தால் மேகம் வெள்ளைத்தாள்தான். இதைச் சமாளிக்க ஆளுக்கொரு வழி சொல்வார்கள்.

ஜேபெக், அதாவது கேமராவே சுருக்கித் தரும் படக்கோப்பு, வேகமானது, எடுத்ததும் அனுப்பிவிடலாம். கல்யாண வீட்டுக்குச் சரி, இங்கே பற்றாது. ஒரு நிறத்துக்கு அதில் 256 படிகள்தான். சென்சார் பதிந்ததைச் சமைக்காமல் வைத்திருக்கும் ரா கோப்பில், 14 பிட் என்றால், 16,384. மலையின் இருட்டைக் கொஞ்சம் தூக்கினாலே ஜேபெக்கில் மரங்கள் திட்டுத்திட்டாகப் பிசிறிவிடும்.

பாதி கறுத்த கிராஜுவேட்டட் ஃபில்டர் பழவேற்காட்டு ஏரிக்கு அருமை, அங்கே தொடுவானம் நேர்கோடு. இங்கே மலைமுகடு ஏறி இறங்குவதால் ஃபில்டர் முகட்டையும் சேர்த்து இருட்டாக்கிவிடும்.

அப்புறம் ஹெச்டிஆர். ஒரே காட்சியை மூன்று எக்ஸ்போஷரில், அதாவது மூன்று ஒளியளவில், எடுத்து ஒட்டுவது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோட்டைவாசல் கணவாய்க் காற்றில் பயிர் ஒரு நொடி சும்மா நிற்காது. மூன்று படத்திலும் நெல்தாள் மூன்று இடத்தில் இருக்கும். ஒட்டினால் ஓரமெல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரியும். மென்பொருள் அதைச் சரிசெய்யப் பார்த்து வயலைக் கூழாக்கிவிடும். செங்கோட்டையில் இருக்கும் திருவிதாங்கூர் காலத்து வளைவு போல அசையாத கட்டடம் என்றால் நானும் ஹெச்டிஆர்தான் எடுப்பேன்.

வயலுக்கு என் தேர்வு ஒரே ஒரு ரா. மேகம் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை, அதாவது ஒளி பாதியாகும் வரை, குறைத்து எடுங்கள். கேமரா திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம், அதாவது இடப்பக்கம் இருட்டும் வலப்பக்கம் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம், ஜேபெக் முன்னோட்டத்தை வைத்துப் போடுவது. வலது ஓரத்தை லேசாகத் தொட்டாலும் ராவில் பெரும்பாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆனால் சென்சாரே நிறைந்துவிட்டால் ராவும் காப்பாற்றாது. பிறகு கணினியில் மாஸ்க் போட்டு மலையை மட்டும் பிரித்து நிழலைத் தூக்குங்கள், அதுவும் பாதி அளவுக்குத்தான். முழுக்கத் தூக்கினால் நாய்ஸ் என்கிற புள்ளிப்பிசிறு வரும், மழைக்கால மலையின் கனமும் போய்விடும். அந்தக் கருமைதான் படத்துக்கு உயிர்!

இதற்கெல்லாம் முன்னால் ஃபிரேமைப் பாருங்கள். பலர் பாதிப் படத்தை வானத்துக்குக் கொடுத்துவிட்டு கான்ட்ராஸ்டோடு மல்லுக்கட்டுகிறார்கள். வானத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்து, வரப்பு ஒன்று கீழ்மூலையிலிருந்து மலையடிக்கு ஓடும்படி நின்றால் தொல்லை பாதி தீரும். எந்த ஸ்லைடரும் இதைச் செய்து தராது.

நேரமும் முக்கியம். காலையில் வெயில் கிழக்கிலிருந்து மலைமுகத்தில் விழும், வித்தியாசம் குறைவு. அப்போது ஜேபெக்கே போதும். பிற்பகலில் சூரியன் மலைப்பக்கம் சாய்ந்த பிறகு ரா இல்லாமல் வயலில் இறங்காதீர்கள்.