பிரையன் 2: சத்தமில்லாமல் தப்பாகும் இடங்கள்

நியூரான் வலைப்பின்னல்களைக் கணினியில் சிமுலேட் செய்யும் மென்பொருளான பிரையன் 2-க்குப் பழகியவர்கள் அதை விட்டுப் போகாததற்குக் காரணம் ஒன்றுதான். நியூரானின் வகைக்கெழுச் சமன்பாட்டை நோட்டில் எழுதுகிற மாதிரியே பைதான் கோப்பிலும் எழுதிவிடலாம். அதை சி++ நிரலாக்கி ஓட்டுவதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ரொமான் பிரெட், டான் குட்மேன் இருவரும் 2008-இல் முன்வைத்த முதல் பிரையனிலேயே இந்த எண்ணம் இருந்தது. மார்செல் ஸ்டிம்பர்க்கும் சேர்ந்து உருவாக்கிய இரண்டாம் பதிப்பில் இப்படி நிரல் உருவாக்குவதே அடித்தளமாகிவிட்டது. வாரத்துக்கு ஒரு முறை மாடலை மாற்றுகிறவர்களுக்கு இதைவிட வசதியான கருவி இல்லை.

அலகுச் சோதனை முதலில் எரிச்சலூட்டும். மில்லிவோல்ட்டோடு நானோஆம்பியரைக் கூட்டினால் உடனே பிழை காட்டி நின்றுவிடும். இசிகேவிச்சின் எளிய நியூரான் மாடலில் வரும் 0.04, 5, 140 ஆகியவை வெறும் பொருத்து எண்கள் என்பதால் ஒவ்வொன்றுக்கும் அலகு ஒட்ட வேண்டும். 0.04-ஐ மில்லிசெகண்டாலும் மில்லிவோல்ட்டாலும் வகுக்கவும், 5-ஐ மில்லிசெகண்டால் மட்டும் வகுக்கவும், 140-ஐ மில்லிசெகண்டுக்கு இத்தனை மில்லிவோல்ட் என்று எழுதவும். இதைச் சரியாகச் செய்தவருக்கு இந்த வகைப் பிழை பிறகு வராது. கத்திச் சொல்லும் பிழைகளால் பெரிய நஷ்டமில்லை. எதுவும் சொல்லாமல் தப்பான விடை தருபவைதான் ஆபத்து.

அவற்றில் முதலிடம் ஓய்வுக்காலத்துக்கு, அதாவது ஒரு ஸ்பைக் (நியூரானின் மின் துடிப்பு) முடிந்ததும் அடுத்தது வராத சிறு இடைவெளிக்கு. ரிஃப்ராக்டரி 2 மில்லிசெகண்ட் என்று நியூரான்களை உருவாக்கும் நியூரான்குரூப்பில் கொடுத்தால், அந்த நேரத்தில் ஸ்பைக் வராது, அவ்வளவுதான். சவ்வு மின்னழுத்தம் வழக்கம்போல ஏறிக்கொண்டே இருக்கும். சமன்பாட்டு வரியின் கடைசியில் 'அன்லெஸ் ரிஃப்ராக்டரி' என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தால்தான் அது உறையும். சேர்க்காவிட்டால் ஸ்பைக் வீதம் கூடுதலாக வரும். வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அயனி ஓட்டங்களையே கணக்கிடும் ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லி வகை மாடலில் கதை வேறு. அங்கே ஸ்பைக்குக்குப் பின் அழுத்தத்தைக் கீழே இறக்கிவைக்கும் ரீசெட் கிடையாது. -20 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் ஸ்பைக் என்று மட்டும் சொன்னால், அழுத்தம் அதற்கு மேல் இருக்கும் ஒவ்வொரு காலப் படியிலும் ஒரு ஸ்பைக் பதிவாகும். படி 0.01 மில்லிசெகண்ட் என்றால் ஒரே ஸ்பைக் பல பத்தாகப் பெருகிவிடும். ரிஃப்ராக்டரி இடத்திலும் அதே நிபந்தனையைக் கொடுத்தால் சரியாகும். இன்னொன்று: ஆல்ஃபா, பீட்டா வீதச் சூத்திரங்கள் சிலவற்றில் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் 0/0 வரும். நியூரான் அந்த மதிப்பில் சரியாகப் போய் நின்றால் முடிவு முழுக்க 'நான்' (NaN, அதாவது எண்ணே அல்ல) ஆகிவிடும். (e^x − 1)/x-ஐ 0-விலும் சரியாகக் கணக்கிடும் எக்ஸ்ப்ரெல் ஃபங்ஷனை வைத்துச் சூத்திரத்தை மாற்றி எழுதினால் இந்தத் தொல்லை ஒழியும்.

நினைவகத்தைப் பற்றிப் பேச புரூனெலின் 2000-ஆம் ஆண்டு வலைப்பின்னலே நல்ல உதாரணம். 10,000 தூண்டும் நியூரான்கள், 2,500 அடக்கும் நியூரான்கள், இணைப்பு நிகழ்தகவு 0.1. அதாவது நியூரானுக்குச் சுமார் 1,250 சினாப்ஸ் (நியூரான்களுக்கு இடையிலான இணைப்பு), மொத்தம் ஒன்றரைக் கோடிக்கும் மேல். சினாப்ஸுக்கு ஒரு எடை மாறி வைத்தால் அதற்கே 125 மெகாபைட் போகும். எல்லாத் தூண்டும் சினாப்ஸுக்கும் 0.1 மில்லிவோல்ட்தான் என்றால் அது ஒரு மாறிலியாக இருந்தால் போதும். ஸ்பைக் போய்ச் சேரும் தாமதத்தையும் சினாப்ஸஸ் உருவாக்கும் வரியிலேயே 1.5 மில்லிசெகண்ட் என்று கொடுங்கள். பின்னால் தனியாக ஒதுக்கினால் ஒவ்வொரு சினாப்ஸுக்கும் தனித்தனியே சேமிக்கப்படும்.

இதைவிடப் பெரிய பொறி, மாறிகளின் மதிப்பைப் படிக்குப் படி பதிவு செய்யும் ஸ்டேட்மானிட்டர். எல்லா நியூரானின் அழுத்தத்தையும் பதிவு செய்யச் சொன்னால், 0.1 மில்லிசெகண்ட் படியில் ஒரு செகண்டுக்கு 10,000 மதிப்பு, 12,500 நியூரான், மதிப்புக்கு 8 பைட்: ஒரு செகண்ட் சிமுலேஷனுக்குச் சரியாக 1 ஜிகாபைட். லேப்டாப் திணறுகிறது என்று புலம்புகிற பலருக்கு இந்த ஒரு வரிதான் காரணம். அழுத்தத்துக்கு ஐந்தாறு நியூரான் போதும், மற்றவற்றுக்கு ஸ்பைக் நேரங்களை மட்டும் பதியும் ஸ்பைக்மானிட்டர்.

வெளி உள்ளீட்டுக்கு, தற்செயல் நேரங்களில் ஸ்பைக் தரும் பாய்சான்குரூப்பை வைத்து சினாப்ஸால் இணைப்பது வீண் சுமை. பாய்சான்இன்புட் அதே வேலையைச் சினாப்ஸே இல்லாமல் செய்யும். புரூனெல் அளவுகளில் (ஸ்பைக் எழும் தொடக்க எல்லை 20 மில்லிவோல்ட், சவ்வின் கால மாறிலி டௌ 20 மில்லிசெகண்ட்) எல்லை வீதம், அதாவது வெளி உள்ளீடு மட்டுமே சராசரி அழுத்தத்தைத் தொடக்க எல்லைக்குக் கொண்டுபோகும் வீதம், ஒரு இணைப்புக்கு 10 ஹெர்ட்ஸ். அதன் இரு மடங்கு, அதாவது 20 ஹெர்ட்ஸில் 1,000 இணைப்பு என்று கொடுத்து, அடக்கும் எடையைத் தூண்டும் எடையைப் போல ஐந்து மடங்காக்கினால் ஒழுங்கற்ற, ஒத்திசையாத நிலை கிடைக்கும். அது கிடைக்கவில்லை என்றால் முதலில் ஓய்வுக்கால வரியைப் பாருங்கள்.

வெறும் ரன் கட்டளை, கண்ணுக்குத் தெரியும் மாறிகளில் உள்ள பொருள்களை மட்டும்தான் தானாகச் சேர்க்கும். லிஸ்ட்டுக்குள் போட்ட நியூரான்குரூப்புகளைக் கண்டுகொள்ளாது. நான்கைந்து அடுக்குகளை லூப்பில் உருவாக்குகிறவர்கள் நெட்வொர்க் பொருளை வெளிப்படையாகக் கட்டி, அதில் எல்லாவற்றையும் சேர்ப்பதே நல்லது.

வேகம் வேண்டுமென்றால், மாடல் முழுவதையும் தனி சி++ நிரலாக்கி ஓட்டும் சிபிபி ஸ்டாண்ட்அலோன் முறை. ஆனால் ரன் முடியும் முன் கணக்கிட்ட எந்த மதிப்பையும் எட்டிப் பார்க்க முடியாது, ஓட்டத்தின் நடுவே இயங்கும்படி பைதானில் எழுதிய நெட்வொர்க்ஆபரேஷனும் ஓடாது. பல புராசஸ்களில் ஒரே நேரம் ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் தனி டைரக்டரி கொடுக்க வேண்டும். இல்லையேல் ஒன்றின் கோப்பை மற்றொன்று அழித்து எழுதும்.

ஒரு கணினிக்குள் அடங்காத வலைப்பின்னலுக்கு பிரையன் பொருந்தாது, பல கணினிகளில் பிரித்து ஓட்டும் எம்பிஐ வசதி அதில் இல்லை. அங்கே நெஸ்ட் (NEST) என்ற சிமுலேட்டர்தான். கிளைகளோடு கூடிய நுணுக்கமான ஒற்றை நியூரானுக்கு நியூரான் (NEURON) என்றே பெயர் கொண்ட மென்பொருள் இன்னும் வசதி. மாடலை நெஸ்டுக்கு மாற்றும்போது ஸ்பைக்குக்கு ஸ்பைக் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள்; ரேண்டம் எண்களும் இணைப்புகளும் வேறு. சராசரி ஸ்பைக் வீதத்தையும் ஸ்பைக் இடைவெளிகளின் மாறுபாட்டுக் கெழுவையும் இரண்டிலும் பல விதை எண்களுக்கு (ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்கள்) எடுத்து ஒப்பிட்டால் போதும்.