கரடி வந்தால் ரிவால்வரா, ஸ்ப்ரேயா, தடியா?

அலாஸ்கா காட்டுக்குள் நடக்கிறவர்களுக்குள் ஒரு பழைய சண்டை உண்டு: இடுப்பில் இருக்க வேண்டியது கைத்துப்பாக்கியா, மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் கரடி ஸ்ப்ரேயா? நம் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைக்கும் தாளவாடிக்கும் இதில் எது சரிப்படும்?

2012-இல் வந்த ஓர் அலாஸ்கா ஆய்வில், கைத்துப்பாக்கியால் சுட்டவர்களில் 84 சதவீதம் பேர் கரடியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. 2008-இல் வந்த ஸ்ப்ரே ஆய்விலோ 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. ஸ்ப்ரே ஜெயித்தது என்று உடனே சொல்லிவிட முடியாது. அதில் கணிசமானவை பாயவே வராத, மோப்பம் பிடித்து வந்த கரடிகள்.

நம்மூர்க் கரடியின் கதையே வேறு. பார்வை மந்தம், காது கேட்பதும் அப்படித்தான். உண்ணிச்செடிப் புதருக்குள் கரையான் புற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். நாம் பத்தடியில் போய் நிற்கும்வரை அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அப்புறம் ஒன்றிரண்டு நொடிதான். முகத்தையும் தலையையும்தான் பிறாண்டும். முதுகில் குட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் உறையிலிருந்து எதை உருவுவது? அந்தியூர்ப் பக்கம் மாடு மேய்க்கும் பெரியவரிடம் ரிவால்வர் பேச்சை எடுத்தேன். சிரித்துவிட்டார்: "ஏனுங் தம்பி, கரடி சொல்லீட்டுங்களா வருது?"

உருவினாலும், இங்கே லைசென்ஸில் கிடைப்பது பெரும்பாலும் பாயிண்ட் 32 ரிவால்வர். அமெரிக்கர்கள் கரடிக்கென்று வைத்திருக்கும் பாயிண்ட் 44 மேக்னத்துக்கு முன்னால் அது தீபாவளித் துப்பாக்கி. சட்டம் இன்னும் மோசமாகக் காலை வாரும். 1972 வனவிலங்குச் சட்டத்தில், உயிரைக் காத்துக்கொள்ள விலங்கைக் கொன்றால் குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் அதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே மீறல்தான்.

ஸ்ப்ரே இதைவிடத் தேவலை. ஆனால் கடையில் பெண்களின் கைப்பைக்கென்று விற்கும் குட்டி டப்பா, கரடிக்கானது அல்ல. ஏழெட்டு மீட்டர் தூரத்துக்கு மேகம்போல் அடிக்கும் பெரிய டப்பாதான் அலாஸ்காவில் வேலை செய்தது. எதிர்க்காற்றென்றால் நம் கண்ணுக்கே வரும்.

என் ஓட்டு தடிக்குத்தான். கரடியை அடிப்பதற்கு அல்ல, தரையில் தட்டிக்கொண்டு, நாலு பேராகச் சத்தமாகப் பேசிக்கொண்டு நடப்பதற்கு. சத்தம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்தால் அது ஒதுங்கிப்போக வழி இருக்கும். விடியலிலும் இருட்டிலும் புதர்ப் பக்கம் போகாமலிருந்தால் இன்னும் நல்லது.

அதையும் மீறிப் பாய்ந்துவிட்டால் ஓட வேண்டாம், மரமேற வேண்டாம். இரண்டிலும் அது நம்மை மிஞ்சும். குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொள்ளுங்கள். முதுகில் பை இருந்தால் கழற்றாதீர்கள்.